மீன் விடும் தண்ணீர்

நாகர்கோவிலில் பிளஸ் ஒன் உயிரியல் படிக்கும் எந்தப் பிள்ளையிடமும் ஆஸ்மாசிஸ் என்றால் என்ன என்று கேட்டுப்பாருங்கள். மூச்சு விடாமல் சொல்லும். அரைகுறையாக அல்ல, கமா, புள்ளி உட்பட. பிறகு இன்னொரு கேள்வி கேளுங்கள். சாளையைக் கீறி உப்பு தடவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தில் தண்ணீர் நிற்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

என் அக்கா மகளிடம் கேட்டேன். உயிரியலில் வகுப்பில் முதலாவதாக வருகிறவள். "மீன் கழுவின தண்ணிதான் மாமா" என்றாள். சற்று யோசித்து, "இல்லேன்னா உப்பு ஈரமா இருந்திருக்கும்" என்றாள். "மக்ளே, நீ படிச்ச ஆஸ்மாசிஸ்தான் அது" என்றேன். "அது செல்லுல நடக்கதுல்லா?" என்று திருப்பிக் கேட்டாள்.

மீனில் செல் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டால் எழுதுவாள். ஆனால் பாடத்தில் உள்ள செல் வேறு, சட்டியில் கிடக்கும் மீன் வேறு. இரண்டுக்கும் நடுவில் எதையும் கடத்தாத ஒரு சவ்வை நம் பள்ளிக்கூடங்கள் வெற்றிகரமாகக் கட்டியிருக்கின்றன. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையின் மேல்தான் கோபம்.

அந்த முறை இப்படி இருக்கிறது. பரவல் என்றால் செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்கு. சவ்வூடு பரவல் என்றால் செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்துக்கு. நடுவில் ஒரு கோடு போட்டு 'வேறுபாடு தருக'. இரண்டு மதிப்பெண். பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? இவை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சங்கதிகள் என்றுதானே? உண்மையில் இரண்டும் ஒன்றுதான். முதல் வரியில் நகர்வது கரைந்திருக்கும் பொருள். இரண்டாவது வரியில் நகர்வது தண்ணீர். 'செறிவு' என்ற சொல் இரண்டு இடத்திலும் கரைபொருளையே குறிக்கிறது, ஆனால் நகரும் ஆள் மாறிவிட்டார். தண்ணீரின் பக்கமிருந்து பார்த்தால் அதுவும் தான் மிகுந்திருக்கும் இடத்திலிருந்து குறைந்திருக்கும் இடத்துக்குத்தான் போகிறது. மீனுக்கு வெளியே உப்பு, உள்ளே தண்ணீர். தண்ணீர் வெளியே வருகிறது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம்பிடித்துதான் 'போர்ஷன்' முடிக்கிறார்கள்.

இன்னொரு நோய், செல்லைத் தொழிற்சாலை ஆக்குவது. உட்கரு மேனேஜர், மைட்டோகாண்ட்ரியா பவர் ஹவுஸ், சவ்வு வாட்ச்மேன். நான் மென்பொருள்காரன், உவமை இல்லாமல் எங்கள் தொழிலில் ஒரு கூட்டமும் நடக்காது. ஆனாலும் இந்த வாட்ச்மேனை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வாட்ச்மேன் முகம் பார்த்து முடிவெடுப்பார். சவ்வு யாரையும் பார்ப்பதில்லை. அது இரண்டு அடுக்கு கொழுப்பு, நடுவில் மிதக்கும் புரதங்கள். கொழுப்பில் கரைவது நேரே போகும், மின்னேற்றம் உள்ளது புரதத்தின் வழியாகத்தான் போக முடியும். இதைக் கண்டுபிடித்த கதைகள் எவ்வளவு சுவையானவை! டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இறைக்கும் பம்பை 1957-ல் அடையாளம் கண்டது நண்டுக் கால் நரம்பில். நோபல் பரிசு வந்தது 1997-ல். நண்டு தின்று வளர்ந்த குளச்சல் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் 'செயல்மிகு கடத்தலுக்கு எடுத்துக்காட்டு தருக' என்று கேட்கிறோம்.

சரி, ஒரு பாடம் சப்பையாக நடந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். இந்தப் பாடத்தில் உயிர் இருக்கிறது. 1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் குவிந்தபோது போங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் போதவில்லை. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே வந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை. குடலின் சவ்வில் உள்ள ஒரு புரதம் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே எடுக்கிறது, தண்ணீர் பின்னாலேயே போகிறது. ராபர்ட் கிரேன் இந்தக் கருத்தை முன்வைத்தது 1960-ல். காலரா நச்சு அந்தப் புரதத்தைத் தொடுவதில்லை.

இதில் அளவுதான் எல்லாம். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய கலவையில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். மொத்தச் செறிவு 245 மில்லி ஆஸ்மோல், அதாவது இரத்தத்தைவிடக் குறைவு. பழைய கலவையில் 311 இருந்தது, அதைத்தான் குறைத்தார்கள். சர்க்கரையைக் கூட்டினால் குடலுக்குள் செறிவு ஏறும், தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்கு வரும், வயிற்றுப்போக்கு கூடும். சாளை தண்ணீர் விடும் அதே கணக்கு.

இப்போது மருந்துக்கடைக்கு வாருங்கள். பல மடங்கு சர்க்கரை கொண்ட பழச்சுவைப் பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துக்களைச் சுமந்தபடி வருடக்கணக்கில் இந்தக் கடைகளில் விற்றன. ஐதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றது. அதுவரை அந்த டப்பாவை வாங்கியவர்கள் யார்? 'ஹைப்பர்டானிக்' என்று எழுதி மார்க் வாங்கிய நாம்தான். விற்றவரும் பி.ஃபார்ம். படித்தவர். லேபிளில் சர்க்கரை அளவு அச்சடித்துத்தான் இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தோம், கேட்டது ஒரு டாக்டர்.

நீட் இருக்கிறதே, என்ன செய்ய என்பார்கள். 720-ல் 360 மதிப்பெண் உயிரியலுக்கு, உண்மைதான். ஆனால் புரிந்த பிள்ளைக்கு நீட்டில் மார்க் குறையும் என்று யார் சொன்னது? தமிழ்வழியில் படித்தால் எல்லாம் சரியாகும் என்கிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. 'சவ்வூடு பரவல்' அருமையான சொல், சொல்லிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. இலங்கையில் இதையே 'பிரசாரணம்' என்கிறார்கள், அங்கே செல்லுக்குக் 'கலம்'. எந்தச் சொல்லையும் மனப்பாடம் செய்ய முடியும். நம்மூரில் 'சவ்வூடு பரவல்' என்பதையும் நெட்டுரு போடத்தான் வைக்கிறார்கள்.

ஆய்வகம் இல்லை என்ற சாக்கும் எடுபடாது. ஆறு கண்ணாடி டம்ளர், இரண்டு உருளைக்கிழங்கு, நம்ம புத்தளம் உப்பு கொஞ்சம், சமையலறைத் தராசு ஒன்று. டம்ளர்களில் வெறும் தண்ணீரிலிருந்து ஐந்து சதவீத உப்புத் தண்ணீர் வரை. ஒரே அளவில் வெட்டிய துண்டுகளை எடைபோட்டு ஊறவைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடைபோட்டால் சில துண்டுகள் கூடியிருக்கும், சில குறைந்திருக்கும். நடுவில் எங்கோ ஒரு செறிவில் எடை மாறாது. அந்த இடத்தைப் பிள்ளையே வரைபடத்தில் கண்டுபிடித்த பிறகு 'ஒத்த செறிவு' என்ற பெயரைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் ஏன் 0.9 சதவீதம், வெறும் தண்ணீரை ஏற்றினால் சிவப்பணுக்கள் என்ன ஆகும் என்று பிறகு கேளுங்கள். நர்சிங்குக்குப் போகும் பிள்ளை இல்லாத தெரு நம் மாவட்டத்தில் குறைவு, அவர்களில் பாதிப்பேராவது இதைக் கையால் செய்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

பொதுத்தேர்வில் எனக்கு ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும். ஒரு பானத்தின் லேபிளை அச்சடித்து, 'வயிற்றுப்போக்கு உள்ள ஒரு வயதுக் குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா? காரணம் கூறுக' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கட்டும். அடுத்த வருடமே கோச்சிங் சென்டர்காரர்கள் இதற்கும் ஒரு நோட்ஸ் போடுவார்கள், தெரியும். போடட்டும், அந்த நோட்ஸிலாவது லேபிள் இருக்கும்.