சாளையில இருக்கறவர் எங்க குடும்பம் இல்லையாமா?

மக்காச்சோளம் கதிர் முத்தற நேரம். ராத்திரி காட்டுப்பன்னிக்குக் காவல் இருக்கறதால பத்து நாளா எதுவும் எழுத முடியலை. படைப்புழுவைப் பத்தி எழுதறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன், அது அடுத்த பதிவுல. இன்னைக்கு ஒரு டி.வி. பஞ்சாயத்து.

ஊருக்குள்ள எங்க வீடு. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி தோட்டம், அதுல சாளை. அம்மா போனதுல இருந்து அப்பா சாளையிலயேதான் இருக்கார். ரெண்டு எருமை, ஒரு நாய், ஒரு டி.வி. (சாளைக்குத் தனி வீட்டு லைன் இருக்குங்க. மோட்டாருக்குக் குடுத்த இலவச கரண்ட்டுல டி.வி. ஓட்டலை. யாராச்சும் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்.)

சென்னையில வேலை பாக்கற பையன் போன வருஷம் ஒரு கம்பெனிக்கு வருஷச் சந்தா கட்டி, வீட்டு டி.வி.யிலயும் சாளை டி.வி.யிலயும் போட்டுக் குடுத்தான். ஒரே நேரத்துல ரெண்டு டி.வி.யில பாக்கலாம்னு சொல்லித்தான் அந்தச் சந்தாவை வித்தாங்க. வீட்டுல ஃபைபர் லைன். சாளையில சிம் போட்ட சின்னப் பெட்டி. ராத்திரி எட்டு மணி ஆனா அப்பாவுக்கு எம்.ஜி.ஆர். படம்.

ஐப்பசியில ஒரு நாள் சோறு கொண்டு போனா, இருட்டுல உக்காந்திருக்கார். டி.வி. போடலியாங்கப்பான்னு கேட்டதுக்கு, "நான் என்னமோ பட்டனை அமுக்கிக் கெடுத்துப்போட்டேன் சாமி"ன்னார். நாலு நாளா இப்படி. ரிப்பேர் செலவு வந்துருமேன்னு சொல்லாமயே இருந்திருக்கார். போட்டுப் பாத்தா இங்கிலீஷ்ல ஒரு அறிவிப்பு: இந்த டி.வி. உங்க குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. அதைத் தமிழ்ல சொன்னேன். "அப்ப நானு ஆரு ஊட்டுக் குடும்பமாமா?"ன்னு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

பையனுக்குப் போன் போட்டேன். அவன் போனுக்கு ஒரு நம்பர் வரும், பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள டி.வி.யில அடிக்கணும். அவன் மீட்டிங்ல இருந்தான். மூணாவது தடவைதான் வேலை ஆச்சு. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் அதே அறிவிப்பு.

இந்த வழக்கத்தைப் பெருசா கொண்டு வந்தது நெட்ஃபிளிக்ஸ். (நாங்க கட்டறது அது இல்லை, வேற.) பாஸ்வேர்டைப் பங்கு போட்டுக்கறதுதான் அன்புன்னு 2017ல ட்விட்டர்ல எழுதினவங்க, 2023 மே மாசம் அமெரிக்காவுலயும் ஜூலையில நம்ம நாட்டுலயும் கதவைச் சாத்தினாங்க. காசு கட்டாம அடுத்தவங்க கணக்குல பாக்கற குடும்பம் 10 கோடிக்கு மேலன்னு 2022ல அவங்களே கணக்குச் சொன்னாங்க. அது நஷ்டம்தான், ஒத்துக்கறேன். தெருவே ஒருத்தன் சந்தாவுல பாத்தா எவன் படம் எடுப்பான்? என் தேங்காயை ஒருத்தன் வாங்கி ஊருக்கே பங்கு வச்சா பரவால்லை, காசு வந்துருச்சு. படம் தேங்காய் மாதிரி இல்லை.

ஆனா குடும்பம்ங்கறதை எதை வச்சு முடிவு பண்றாங்க? எந்த இன்டர்நெட் லைன்ல டி.வி. இருக்குதுன்னு பாத்துத்தான். ரேஷன் கார்டுல தனிக் குடும்பம்னா தனி அடுப்பு. அப்பாவுக்குச் சோறு வேகறது எங்க அடுப்புல, தூக்குப்போசியில சாளைக்குப் போகுது. அரசாங்கத்துக்குப் புரிஞ்சது கம்பெனிக்குப் புரியலை. அந்த ரேஷனே 2020 அக்டோபர்ல இருந்து வேற ஊர்க் கடையிலயும் வாங்கிக்கலாம்.

எங்க கிணறு மூணு பங்கு. மூணு நாளைக்கு ஒருக்கா எங்க முறை. முறை நேரம் தாண்டினா பங்காளி மம்பட்டியோட வந்துருவான், அது நியாயம். ஆனா எங்க முறைத் தண்ணியை மேக்காட்டுக்கு விடறனா கெழக்காட்டுக்கு விடறனான்னு ஒருத்தனும் கேக்கறதில்லை. ரெண்டு டி.வி.ன்னு வித்தா ரெண்டை எண்ணிக்கட்டும். மூணாவதை நிறுத்தட்டும். ரெண்டும் எங்க இருக்குன்னு எதுக்குங்க கேக்கணும்?

ஐரோப்பிய யூனியன்ல 2018 ஏப்ரல் 1ல இருந்து ஒரு சட்டம் இருக்கு. காசு கட்டிப் பாக்கறவங்க கொஞ்ச நாளைக்கு இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போனாலும் அதே சந்தாவுல பாக்கலாம், அதுக்குன்னு கூடுதலா வாங்கக் கூடாது. அது நாடு தாண்டற விஷயம், எங்களது வாய்க்கால் தாண்டற விஷயம். ஆனாலும் சந்தா ஆளுக்கா, செவுத்துக்கான்னு அங்க ஒருத்தர் யோசிச்சிருக்காங்க.

அப்பா இப்ப அந்த டி.வி.யைத் தொடறதில்லை. பரண் மேல கிடந்த ரேடியோவைத் துடைச்சு, செல் மாத்தி வச்சிருக்கார். சந்தா தை மாசம் முடியுது. கட்ட வேண்டாம்னு பையன்கிட்டச் சொல்லிட்டேன்.