எந்த ரைஃபிளுக்கு பவர் ஜாஸ்தி?

வேட்டை விளையாட்டு ஆடுற நம்ம பசங்க கிட்டேருந்து முதல்ல வர்ற கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "மச்சி, எந்த கன்னுக்கு பவர் ஜாஸ்தி?" மான் எங்க மேயும், காத்து எந்தப் பக்கம் அடிக்குது, எவ்வளவு கிட்ட போகலாம், இதெல்லாம் யாரும் கேக்கறதில்ல. எங்க அறையிலயும் இதே பஞ்சாயத்துதான். ஒருத்தன் .300 மேக்னம் கட்சி, இன்னொருத்தன் .45-70 கட்சி. ரெண்டு பேரும் சோறு ஆறிப்போற வரைக்கும் சண்டை போடுவாங்க.

என் கட்சி என்னன்னா, கேள்வியே தப்பு. அதுக்குக் கொஞ்சம் பத்தாங்கிளாஸ் பௌதிகம் வேணும். ஓடிடாதீங்க, ரெண்டே ரெண்டு சூத்திரம்தான் :-)

முதல்ல இந்த "பவர்"ங்கற வார்த்தை விளையாட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு பாருங்க. 1997-ல டீர் ஹன்டர்னு ஒண்ணு வந்துச்சு. வால்மார்ட்டுல மலிவு விலைக்கு வித்து சக்கைப்போடு போட்டுது. அதுல மரத்தடியில உட்கார்ந்து பொறுமையா காத்திருக்கணும். அப்புறம் 2013-ல க்ளூ கம்பெனி அதே பேர்ல மொபைல்ல டீர் ஹன்டர் 2014 போட்டப்போ கதை மாறிடுச்சு. துப்பாக்கிக்குப் பக்கத்துல பவர்னு ஒரு பட்டை. அடுத்த வேட்டைக்கு அந்தப் பட்டை நீளணும். நீளணும்னா குழலை மாத்து, தோட்டாவை மாத்து, காசை எடு. அந்த பவருக்கு ஜூலும் கிடையாது, கிலோவும் கிடையாது. அது கடைக்காரன் வச்ச விலைச்சீட்டு, அவ்வளவுதான்.

சரி, நிஜத்துல பவர்னு ஒண்ணு இருக்கா? இருக்கு, ஆனா எந்தக் கணக்குல பாக்கறீங்கங்கறதைப் பொறுத்து ஜெயிக்கற ஆளு மாறுவான். அதான் வேடிக்கையே.

.243 வின்செஸ்டரை எடுத்துக்குங்க. சாதாரணமா கடையில கிடைக்கற தோட்டாவுல குண்டு 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம்.  வேகம் வினாடிக்கு 900 மீட்டர் சுமார். இயக்க ஆற்றல் கணக்கு போட்டா 2,600 ஜூலுக்கு மேல வருது. இப்போ .45-70 எடுங்க. 1873-ல அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா. பழைய துப்பாக்கிகளுக்கும் பொருந்துற மாதிரி இன்னிக்கும் விக்கற சாதா லோடுல குண்டு 405 கிரெயின், 26 கிராம். வேகம் வினாடிக்கு 405 மீட்டர்தான். ஆற்றல் 2,150 ஜூல். ஆக, சின்னப்பய .243 ஜெயிச்சுட்டான்!

அவசரப்படாதீங்க. இப்போ உந்தம் பாருங்க, நிறை பெருக்கல் வேகம். .243-க்கு 5.8 வருது, .45-70-க்கு 10.6 வருது. ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பெரியவர் ஜெயிச்சுட்டார். இந்தப் பெரியவர் வகையறா தோட்டாக்களாலதான் 1870-கள்ல அமெரிக்கச் சமவெளியில காட்டெருமைகளை அழிச்சாங்க. ஆற்றல்ல தோத்த தோட்டா, ஆனா காட்டெருமை கிட்ட யாரும் ஜூல் கணக்கு காட்டல.

அப்போ உந்தம்தான் நிஜமான பவரான்னு கேட்டா, அதுவும் இல்ல. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துல பிரெட் லீ போட்ட பந்தை நினைச்சுக்குங்க. பந்து 160 கிராம் சுமார். உந்தம் 6.7 வருது. .243 குண்டை விட ஜாஸ்தி! பிரெட் லீ பந்துல எத்தனை பேருக்கு விலா எலும்பு வீங்கியிருக்கும், ஆனா மான் வேட்டைக்கு அவரை யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. (போனா நல்லா பாட்டு பாடுவார், அது வேற விஷயம்.)

படத்துல குண்டு பட்ட ஆள் பத்தடி பின்னாடி பறக்கறது எவ்வளவு பெரிய ரீல்னும் இதுலயே தெரிஞ்சுடுது. .300 வின்செஸ்டர் மேக்னம் குண்டோட உந்தம் 10.5. அறுபது கிலோ மான் மேல அது முழுசா இறங்கினாலும், மான் நகர்ற வேகம் வினாடிக்கு பதினேழு சென்டிமீட்டர்தான். எறும்பு கூட நக்கலா பாக்கும்.

யானை வேட்டைக்காரர் ஜான் டெய்லர்னு ஒருத்தர், 1948-ல ஆப்பிரிக்க ரைஃபிள்கள் பத்தி புஸ்தகம் எழுதினவர், இந்தக் குழப்பத்துக்கு தானே ஒரு சூத்திரம் கண்டுபிடிச்சார். குண்டோட எடை, வேகம், விட்டம் மூணையும் பெருக்கி ஏழாயிரத்தால வகுக்கணும். அதுப்படி .243-க்கு 10, .300 மேக்னத்துக்கு 23, நம்ம கிழட்டு .45-70-க்கு 35. அப்பாடா, .45-70 கட்சிக்காரனுக்கு சந்தோஷம். ஆனா .300 மேக்னத்தோட ஆற்றல் 4,700 ஜூலுக்கு மேல, .45-70 மாதிரி ரெண்டு மடங்குக்கும் மேல. டெய்லர் விட்டத்தைப் பெருக்கினதால பெருசு ஜெயிச்சுது. சூத்திரத்தை எழுதறவன் எந்தத் துப்பாக்கியை ரசிக்கிறானோ அதுதான் ஜெயிக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இதுல எதுவுமே சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. குண்டு மிருகத்தைத் தள்ளிக் கொல்றதில்ல. இதயத்தையோ நுரையீரலையோ கிழிச்சு ரத்தம் போகணும், இல்ல மூளை, தண்டுவடம்னு நேரா நரம்பு மண்டலத்துல படணும். நுரையீரல்ல சரியா பட்ட மான் கூட ஐம்பது, நூறு மீட்டர் ஓடித்தான் விழும். குடல்ல பட்டா மணிக்கணக்கா உயிர் ஊசலாடும். அந்த இடத்துல .300 மேக்னமும் ஒண்ணுதான், .243-யும் ஒண்ணுதான்.

இதை நிரூபிச்ச ஆள் கரமோஜா பெல். ஸ்காட்லாந்துக்காரர், ஆயிரத்துக்கும் மேல யானை சுட்டவர். (எண்ணிக்கையைக் கேட்டா வயித்தைப் புரட்டுது, அதை ஒதுக்கி வச்சுட்டு பௌதிகத்தை மட்டும் பாருங்க.) அதுல பெரும்பாலானவை .275 ரிக்பியால, அதாவது 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவால. இன்னிக்கு அது மான் சுடற தோட்டா. டெய்லர் கணக்குல 16 மார்க். பெல் என்ன பண்ணார்னா, யானை மண்டையோட்டை வாளால அறுத்து மூளை சரியா எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்கிட்டார். பவர் பட்டை எல்லாம் அந்த அறுத்த மண்டையோட்டுக்குள்ளதான் இருந்துச்சு.

இப்போ நாங்க ஆடற தி ஹன்டர்: கால் ஆஃப் தி வைல்டுக்கு வர்றேன். 2017-ல வந்தது, ஸ்வீடன் கம்பெனி. இதுல ஒத்தைப் பவர் பட்டை கிடையாது, அதுக்கே ஒரு கும்பிடு. மிருகங்களை 1-லேருந்து 9 வரைக்கும் வகுப்பா பிரிச்சு, எந்தத் தோட்டா எந்த வகுப்புக்குன்னு வச்சிருக்கான். முயலைப் பீரங்கியால சுட்டா மார்க் போயிடும். சுட்ட மான் ஓடிட்டா ரத்தத் தடம் பாத்துப் பின்னாடியே நடக்கணும். நடக்க நடக்க எங்க பட்டுச்சுன்னு தெரியும். இது ரொம்ப நல்ல ஏற்பாடு. ஸ்வீடன்ல நிஜ சட்டமே தோட்டாக்களை 1-லேருந்து 4 வரைக்கும் வகுப்பா பிரிக்குது. மூஸ் சுடணும்னா நூறு மீட்டர் தூரத்துல குண்டுக்கு இத்தனை ஜூல் மிச்சம் இருக்கணும்னு கணக்கு இருக்கு. அந்த ஊர் வாசனை விளையாட்டுலயும் அடிக்குதுன்னு எனக்குத் தோணுது.

ஆனா ஒரு குறை உறுத்துது. இதுல பாலிமர் முனை வச்ச குண்டு ஆழமா துளைக்கும், சாஃப்ட் பாயின்ட் நல்லா விரியும்னு வச்சிருக்காங்க. நிஜத்துல அந்த பிளாஸ்டிக் முனை இருக்கறதே, பட்ட உடனே பின்னாடி தள்ளிக் குண்டை வேகமா விரிக்கத்தான். அப்படியே தலைகீழ். இதை நம்பி ஒருத்தன் நிஜக் கடைக்குப் போனா என்ன ஆகும்?

போறாங்க சாமி, அதான் விஷயம். நாங்க இருக்கற கேட்டியில அகாடமி ஸ்போர்ட்ஸ் கம்பெனியோட தலைமை அலுவலகமே இருக்கு. கேட்டி மில்ஸ் மால்ல பாஸ் ப்ரோ ஷாப்ஸ் இருக்கு. தூண்டில், கூடாரம், பாடம் பண்ணின மான் தலை, எல்லாத்தையும் தாண்டிப் போனா ரைஃபிள் கவுன்ட்டர். பெட்ரோல் கம்பெனியில வேலை பாக்கற தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர், கிரீன் கார்டு வந்த கையோட, மான் வேட்டைக்குன்னு .300 மேக்னம் வாங்கினார். ஏன்ணே இதுன்னு கேட்டேன். "தம்பி, கேம்ல இதுதான் அடிச்சா அங்கேயே விழுது." டெக்ஸாஸ்ல தனியார் நிலத்துல மக்காச்சோளம் தூவி, மறைவுல உட்கார்ந்து நூறு மீட்டருக்குள்ள சுடற மான் அது. .243 தாராளம்.

விளையாட்டு அவருக்குச் சொல்லாதது தோள்பட்டை. .300 மேக்னத்தோட உதை .243 மாதிரி ஏறத்தாழ மூணு மடங்கு. நாலு தடவை சுட்டா அஞ்சாவது தடவை விசையை அழுத்தறதுக்கு முன்னாடியே உடம்பு தானா சுருங்கும், கண்ணு மூடும். குண்டு நுரையீரலுக்குப் போகாது, வயித்துக்குப் போகும். பவருக்கு விளையாட்டுல காசு குடுக்கறோம், நிஜத்துல குறி குடுக்கறோம். அண்ணன் அந்த சீசன்ல ஒரு மானை அடிச்சார். அது ஓடிப் போச்சு. இருட்டற வரைக்கும் தேடியும் கிடைக்கல.

டெக்ஸாஸ் சட்டத்தைப் பாருங்க. மான் சுட குறைஞ்சபட்ச ஜூல்னு எதுவும் கிடையாது. .22 மாதிரி ரிம்ஃபயர் தோட்டா மட்டும் கூடாது, மத்தபடி எந்த சென்டர்ஃபயர் ரைஃபிளும் சரி. ஆனா 1971 செப்டம்பர் 2-ம் தேதியோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க வேட்டைக் கல்வி வகுப்பு முடிக்கணும். எங்க சுடணும்னு அங்கதான் பாடம் எடுக்கறாங்க. (நம்ம மாதிரி மாணவர் விசா கேஸுக்கு ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி வச்சிருக்கறதே குத்தம், செல்லுபடியாகற வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. தெரியாம நண்பர்களோட ரேஞ்சுக்குப் போற பசங்க கொஞ்சம் கவனிங்க.)

சரியா படாத ஒரு குண்டு எங்க கொண்டு போய் விடும்னு நம்ம நாட்டுலயே கதை இருக்கு. சம்பாவத் பெண்புலி, 436 பேரைக் கொன்னதா கணக்கு. 1907-ல ஜிம் கார்பெட் அதைச் சுட்ட அப்புறம் வாயைத் திறந்து பாத்தா, வலது பக்கக் கோரைப்பல் மேலயும் கீழயும் உடைஞ்சிருந்துச்சு. யாரோ எப்பவோ சுட்ட குண்டோட பழைய காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமத்தான் அது மனுஷங்க பக்கம் திரும்புச்சுன்னு கார்பெட் எழுதினார். அந்த யாரோ வச்சிருந்த துப்பாக்கிக்கு எத்தனை ஜூலோ, பல்லுல பட்டா என்ன பிரயோஜனம்.

அந்தப் புலியைச் சுட்டதுக்காக கார்பெட்டுக்குப் பரிசா வந்த ரைஃபிள் எது தெரியுமா? .275 ரிக்பி. பெல் யானைக்கு வச்சிருந்த அதே தோட்டா. 1926-ல ருத்ரப்பிரயாக் சிறுத்தையை அவர் சுட்டது அதாலதான், இருட்டுல, ஒரே குண்டு.

தி ஹன்டர்ல இப்போ என் கையில இருக்கறது .243 மட்டும்தான். அறைக்காரப் பசங்க ரெண்டு பேரையும் ஒரு வாரம் அதையே வச்சு ஆடச் சொல்லியிருக்கேன், முதல் குண்டுலயே நுரையீரல்ல பட்டாதான் கணக்கு. .300 கட்சி இதுவரைக்கும் பதினோரு மானைத் தேடி அலைஞ்சிருக்கான். .45-70 கட்சி பரவால்ல, கிட்டப் போய் சுடப் பழகினவன், ஆறு சரியா அடிச்சான்.