மூலிகைக்குரிய கூலி



பழங்குடியினரின் ஊருக்குச் சென்று மூலிகை வாங்கி உண்பது விசுவாசிக்குத் தகுமா என்று நம் காளவாசல் சபையில் சிலர் கேட்கிறீர்கள். இலையைப் படைத்தவர் கர்த்தரே. அதில் தீட்டு இல்லை. அங்கே நடக்கும் பூஜையில் பங்குகொள்ளாதிருங்கள், அவ்வளவே. என் பாரம் வேறு.

1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணி மக்கள், ஒரு சிறு காயை மென்றபடி களைப்பின்றி நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காய் அது. திருவனந்தபுரத்திலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அச்செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் சரிபாதியைக் காணிகளுக்கென ஒதுக்கியது. அதைப் பெற்றுக்கொள்ள 1997-இல் ஓர் அறக்கட்டளையும் எழுந்தது. காட்டிலிருந்து செடியை எடுப்பதில் வனத்துறையோடு சிக்கல்கள் வந்தது உண்மையே. ஆயினும் அறிவுக்கும் கூலி உண்டு என்று அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது.

நாமோ, மலைத்தேன் கொண்டுவருகிறவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். பெரிய கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். அறுவடை செய்தவரின் கூலியைப் பிடித்துவைப்போரை யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எவ்வளவு கடுமையாய்க் கண்டிக்கிறார்! ஜெபத்தோடு வாசித்துப் பாருங்கள். சிறுமலைக்கோ பழனி மலைக்கோ போகிறவர்கள், பளியர் சொல்லும் விலையையே கொடுத்து வாங்குங்கள்.