அரசு சொன்னால் நம்பலாமா? வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பலாமா?

2017 ஜனவரி 28 அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பிடபிள்யூ மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும் 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்று துறைமுகம் அறிவித்தது. அடுத்த சில நாட்களில் எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் தார் போல எண்ணெய் வந்து ஒதுங்கியது. கொட்டியது 20 டன் வரை இருக்கலாம் என்று அதன் பிறகு சொன்னார்கள். ஆனால் இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளிய கசடே 100 டன்னைத் தாண்டியது. காசிமேட்டில் மீன் வாங்க ஆளில்லாமல் போனது.

வடசென்னையில் வாழ்பவர்களுக்கு இது புதிய அனுபவம் இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை என்று எல்லாவற்றுக்கும் நடுவில்தான் நம் வீடுகளும் பள்ளிவாசல்களும் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. அதனால் அதிகாரிகள் "பயப்பட வேண்டாம்" என்று சொன்னாலே இங்குள்ள மக்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறதா? அது நம்மை எங்கே கொண்டு போகிறது?

மீண்டும் அதே கதை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பானது. எங்கள் குழாய்களில் கசிவு இல்லை என்றது மணலியில் உள்ள சிபிசிஎல் நிறுவனம். மீனவர்கள் படங்களையும் வீடியோக்களையும் வெளியிட்டார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஆலை வளாகத்தில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதாததால் எண்ணெய் வெளியேறி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக முகத்துவாரத்தை அடைந்தது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது.

அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் டிசம்பர் 26 நள்ளிரவில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். சிறிது நேரத்தில் கசிவைச் சரிசெய்துவிட்டதாக நிறுவனம் கூறியது. வாரியம் எடுத்த மாதிரியிலோ, லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் கடல்நீரில் 49 மில்லிகிராம் அமோனியா இருந்தது.

இந்த நிகழ்வுகளில் ஓர் ஒற்றுமை உண்டு. முதல் அறிக்கையைத் தந்தவர், பழியும் இழப்பீடும் தன் மீது வரக்கூடிய இடத்தில் இருந்தவர். பிறகு வேறொருவர் அளந்து பார்த்தபோது அந்த அறிக்கை நிற்கவில்லை.

எண்ணிக்கையில் காணாமல் போனவர்கள்

கொரோனாவின் முதல் அலையில் சென்னையில் அதிகம் பாதிக்கப்பட்ட மண்டலங்களில் ராயபுரம் முன்னணியில் இருந்தது. 2020 ஜூனில், மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் உள்ள 200க்கும் மேற்பட்ட மரணங்கள் மாநில அரசின் பட்டியலில் இல்லை என்பதைப் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. ஜூலை 22 அன்று விடுபட்ட 444 மரணங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

வெறும் எண்ணிக்கைதானே என்று நினைக்க வேண்டாம். 2021 அக்டோபரில் கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தபோது, இறந்தவர் கொரோனாவால்தான் இறந்தார் என்பதற்கான ஆதாரம் முக்கியமானது. பரிசோதனை முடிவையும் மருத்துவமனைச் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்கள் எளிதாக விண்ணப்பித்தன. வைத்திருக்காதவர்கள் அலைந்தார்கள்.

அதே காலத்தில் இன்னொரு கணக்கு நம் சமுதாயத்தின் மீது விழுந்தது. டெல்லி தப்லீக் மர்கஸுக்குச் சென்று வந்தவர்களையும் அவர்களோடு தொடர்புடையவர்களையும் தேடித் தேடிப் பரிசோதித்தார்கள். தொற்றைத் தடுக்க அது தேவையான பணிதான். ஆனால் பரிசோதனைகள் மிகக் குறைவாக இருந்த நாட்கள் அவை. எந்தக் கூட்டத்தை அதிகம் பரிசோதிக்கிறோமோ அந்தக் கூட்டத்தில்தான் அதிகத் தொற்று தெரியும். அரசின் தினசரி அறிக்கை அவர்களை 'சிங்கிள் சோர்ஸ்' என்று தனியாகப் பிரித்துக் காட்டியது. இந்த விளக்கம் அதனுடன் வரவில்லை. எண்கள் பொய்யானவை அல்ல. அவை காட்டப்பட்ட விதம் ஒரு சமுதாயத்தையே நோய்பரப்பியாக நிறுத்தியது. நோயை மதத்தோடு இணைக்க வேண்டாம் என்று முதல்வர் வேண்டுகோள் விடுத்தபோது வதந்தி ஊரெங்கும் போய்விட்டிருந்தது.

2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கூறி வழக்குகளை ரத்து செய்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், வெளிநாட்டினருக்கு இடம் தந்ததாக 70 இந்தியர்கள் மீது போடப்பட்ட வழக்குகளை ரத்து செய்தது. ஐந்து ஆண்டுகள்! குற்றச்சாட்டு தலைப்புச் செய்தியாக வந்தது. நிரபராதம் உள்பக்கத்தில் வந்தது.

நம் பக்கத்துத் தவறுகள்

இவ்வளவையும் பார்த்துவிட்டு "அரசு சொல்வதெல்லாம் பொய்" என்று முடிவு கட்டினால் நாம் தவறிவிடுவோம். அதற்கும் நம் பகுதியிலேயே படிப்பினை இருக்கிறது.

2020 பிப்ரவரி 14 இரவு, பழைய வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக அமர்ந்திருந்தவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. தடியடியில் முதியவர் ஒருவர் இறந்துவிட்டதாக உடனே தகவல் பரவியது. அவர் தன் வீட்டில் உடல்நலக் குறைவால் இறந்தவர், போராட்டத்துக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பு இல்லை என்று காவல்துறையும் அரசும் மறுத்தன. சரிபார்க்காமல் பரப்பிய அந்த ஒரு செய்தி யாருக்கு உதவியது? அமைதியாக அமர்ந்திருந்தவர்கள் மீது ஏன் தடி எடுத்தீர்கள் என்ற நியாயமான கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், வதந்தியைப் பற்றிப் பேசிவிட்டுப் போக அது வழி செய்தது.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். எர்ணாவூர் கரையில் எண்ணெய் அள்ளிய அதே 2017 பிப்ரவரியில்தான் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஊசி ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே தயங்கினார்கள். முகாமின் காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. கடற்கரையில் இருந்த சந்தேகம் சரியானது. ஏனென்றால் எண்ணெய் கையில் ஒட்டியது. ஊசி மீதான சந்தேகத்துக்கு ஒரு ஃபார்வர்டு தவிர வேறு ஆதாரம் இல்லை. நஷ்டம் நம் பிள்ளைகளுக்கு.

மார்க்கம் காட்டும் வழி

ஒரு செய்தி வந்தால், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாமல் இருக்க, அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. கேள்விப்படுவதையெல்லாம் சொல்லித் திரிபவன் பொய்யனாகிவிடுவான் என்பது நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. தப்லீக் விவகாரத்தில் இந்த அளவுகோலை ஊடகங்கள் மீறின என்று குற்றம் சொல்லும் நாம், நம் குடும்ப குரூப்பில் அதைக் கடைப்பிடிக்கிறோமா?

அரசின் அறிக்கையோ ஃபார்வர்டோ, எது வந்தாலும் சில கேள்விகள் போதும். இதைச் சொல்பவர் யார், உண்மை வெளிவந்தால் அவருக்கு நஷ்டம் உண்டா? அளந்தது யார், எதை அளந்தார், எதை அளக்காமல் விட்டார்? வேறொரு பதிவேடு இதையே சொல்கிறதா?

வடசென்னையில் பொய்யான அறிக்கைகள் திருத்தப்பட்ட ஒவ்வொரு முறையும் அதைச் செய்தவை தேதியோடு எடுத்த படம், ஆய்வுக்கூட முடிவு, இறப்புப் பதிவேடு, நீதிமன்ற மனு ஆகியவையே. எனவே ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் தன் பகுதியில் நிகழும் மரணம், நோய், விபத்து ஆகியவற்றுக்குத் தேதியுடன் ஒரு பதிவேடு வைக்கலாம். மருத்துவச் சீட்டுகளின் நகலைப் பாதுகாக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்களை உருவாக்கலாம். அடுத்த முறை கடலில் எண்ணெய் பரவும்போதோ காற்றில் வாயு கசியும்போதோ நம் கையில் ஆதாரம் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.