கடலை இறைக்க உரிமை அளித்தவர் யார்?

வளிமண்டலத்தில் மிகுந்துவிட்ட காபனீரொட்சைட்டைக் கடலுக்குள் அடக்கிவிடலாம் என்று ஒரு யோசனை மேல்நாட்டு விஞ்ஞான மன்றங்களில் உலவி வருகிறது. அலைகளின் அசைவால் இயங்கும் பெருங்குழாய்களைக் கடலில் நிறுத்தி, ஆழத்துக் குளிர்நீரை மேலே இறைக்க வேண்டுமாம். அந்நீரிற் செறிந்துள்ள நைத்திரேற்றும் பொசுபேற்றும், பயிருக்குப் பசளைபோல், மேற்பரப்பிலுள்ள நுண்பாசிகளைச் செழிக்கச் செய்யுமாம். பாசிகள் காபனீரொட்சைட்டை உண்டு, மடிந்து, ஆழத்திற் புதையுமாம். 2007 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லவ்லொக், கிறிஸ் ராப்லி என்னும் இரு அறிஞர்கள் 100 முதல் 200 மீற்றர் நீளமும் 10 மீற்றர் விட்டமும் கொண்ட குழாய்களை முன்மொழிந்தனர்.

கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆனால் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பது நீதியன்று. ஆழத்து நீர் பசளையை மட்டுமா கொண்டுவருகிறது? அங்கே கரைந்து கிடக்கும் காபனீரொட்சைட்டையும் கூடவே ஏற்றி வருகிறது. வலக்கையால் வாங்கியதை இடக்கையால் வானத்துக்கே திருப்பிக் கொடுக்கும் வியாபாரம் இது! மடிந்த பாசிகள் அழுகுகையில் நீரிலுள்ள ஒட்சிசன் குறையும்; ஒட்சிசன் அற்ற நீரில் மீன் வாழாது.

இவற்றினும் பெரிய குற்றச்சாட்டு ஒன்றுண்டு. ஜேர்மனியின் கீல் நகர ஆய்வாளர் ஆந்திரேயாஸ் ஒஷ்லீசும் உடன் பணியாற்றியோரும் 2010 இல் கணினி மாதிரிகொண்டு இதனைச் சோதித்தனர். எல்லாம் கைகூடினாலும் ஆண்டொன்றுக்கு 90 கோடி தொன் காபனையே அடக்கலாம் எனக் கண்டனர். இன்று எரிபொருள்களால் உலகம் வெளிவிடும் காபனில் இது பத்திலொரு பங்குக்கும் குறைவு. குழாய்களை நிறுத்தினாலோ, வெப்பமும் காபனீரொட்சைட்டும் விரைந்து ஏறி, குழாயே இடாதிருந்தால் இருந்திருக்கும் அளவையும் தாண்டிவிடும்! தொடங்கியவன் என்றென்றும் இறைத்துக்கொண்டேயிருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். 2008 இல் ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே 300 மீற்றர் ஆழத்திலிருந்து நீர் இறைத்த சோதனைப் பொறி ஏறத்தாழ 17 மணி நேரத்தில் முறிந்து செயலிழந்தது. ஒரு நாள் நிலைக்காத பொறியை நம்பி, நிறுத்தவொண்ணாத வேலையைத் தொடங்குவதா?

யாழ்ப்பாணத்து விவசாயிக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. நம் சுண்ணக்கல் நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. துலாவால் அளவோடு இறைத்த காலத்தில் நன்னீர் நின்றது. இயந்திரத்தால் அளவுமீறி இறைத்த கிணறுகளில் உவர் ஏறியது. ஏறிய உவரை அவ்வியந்திரத்தால் இறக்க இயன்றதா? ஒரு கிணற்றுக்கே கதி இதுவானால், சமுத்திரத்தின் அடுக்கைக் குலைப்போர் என்ன பிணை தருவர்?

சட்டமோ இன்னும் உறங்குகிறது. கடலிற் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் லண்டன் நெறிமுறையில், கடலுக்குச் செயற்கையாக வளமூட்டும் முயற்சிகளைக் கட்டுப்படுத்தும் திருத்தம் 2013 இல் ஏற்கப்பட்டது. போதிய நாடுகள் ஒப்புதல் அளிக்காமையால் பத்தாண்டு கடந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை.

நாம் விஞ்ஞானத்தின் பகைவரல்லர். சிறிய அளவில், பொதுக் கண்காணிப்பின் கீழ், ஆய்வு நடக்கட்டும். ஆனால் தீங்கில்லை என்று எண்பிக்கும் சுமை குழாய் இடுவோனுடையது. தீங்குண்டு என்று எண்பிக்கும் சுமை கடற்றொழிலாளியின் தலையில் ஏற்றப்படலாகாது. கடல் எவருடைய தனிச் சொத்துமன்று. அதனால் வாழும் மக்களின் சம்மதமின்றி அதன் ஆழத்தைக் கிளற எந்தக் கம்பனிக்கும் அரசுக்கும் உரிமையில்லை.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் குவித்தோர், முதலில் தம் புகையை அடக்கட்டும். அடுப்பை அணைக்க மனமின்றி, அயலவன் கிணற்றைக் கலக்கப் புறப்படுவதை நாம் பரிகாரம் என்று ஒருபோதும் ஏற்கமாட்டோம்.