மீனுக்கும் ஒரு சீட்டு வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிறவர்கள் முழுதாகப் படித்துவிடுங்கள்.

நம் பேரையூர்ப் பக்கம் மாட்டின் காதில்கூட 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது. கடலே இல்லாத நம் ஊருக்கு ஐஸ் பெட்டியில் வருகிற மீனுக்கு மட்டும் ஊரும் கிடையாது, தேதியும் கிடையாது.

"மீனுக்கெல்லாம் எப்படி சார் எழுதி வைக்க முடியும்?" என்பீர்கள். எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், வெளிநாட்டுக்காரனுக்கு! கடலில் பிடித்த மீன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போக, 2010 ஜனவரி முதல் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். எந்தப் படகு, என்ன மீன், எந்தக் கடல் பகுதி, எத்தனை கிலோ, எல்லாம் அதில் இருக்கும். அதே கரையில் இறங்கிய மீன் மதுரைப் பக்கம் திரும்பினால் அநாதை. அவன் வயிறு மட்டும்தான் வயிறா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போதும் பெட்டி வருகிறது. நாட்டுப்படகு மீனா, மேற்குக் கரை மீனா, குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்ததா? யாருக்குத் தெரியும்?

2018 ஜூனில் கேரளச் சோதனைச்சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. பள்ளி ஆய்வகத்தில் தவளையைப் போட்டு வைத்திருந்த பாட்டில் ஞாபகம் இருக்கிறதா? அதே திரவம்தான்.

தெருவில் கூடை சுமந்து வரும் அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். ஏலத்தில் எடுத்ததை விற்கிறார், பாவம். அவருக்கு மேலே இருக்கிறவர்களைக் கேளுங்கள். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 26(4): வியாபாரிக்குச் சரக்கு கொடுப்பவர் அதன் தரத்துக்கு எழுத்தில் உறுதி தர வேண்டும். பில் கொடுத்தாலே அந்த உறுதி கொடுத்ததாகக் கணக்கு. மீனவருக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. மொத்த வியாபாரிக்குக் கிடையாது. அந்தப் பில்லிலேயே இறங்கிய கரை, தேதி என்று இரண்டு வார்த்தை சேர்த்து எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

உங்களில் சிலர் அரசு வேலையில் இருக்கிறீர்கள், சிலர் மீன் வியாபாரமே செய்கிறீர்கள். உங்களுக்குத்தான் இந்த வீட்டுப்பாடம். மற்றவர்கள் வரும் ஞாயிறு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தக் கரை, என்றைக்கு இறங்கியது?" நூறு பேர் கேட்டால் மண்டியில் பேனா தானாக வெளியே வரும்.