புத்தகம் இலவசம், திருத்துவது யார்?

வீட்டுக்கல்வி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் இங்கே இல்லை. (அதை சாலமன் பாப்பையா ஐயா தலைமையில் ஒரு தீபாவளிக்கு வைத்துக்கொள்ளலாம்.) பள்ளிக்கூடம் வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்ட வீடுகளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். பிள்ளைக்கு 14, 15 வயசு ஆனதும் அந்த வீடுகளில் ஒரு பதற்றம் வரும். இனிமே எந்தப் பாடத்திட்டம், எந்தப் புத்தகம்?

சின்ன வயசில் இது ஒரு பிரச்சனையே இல்லை. ஆறு வயசுக் குழந்தைக்கு எதை வைத்தும் சொல்லித்தரலாம். அரிசி அளந்தால் கணக்கு, தொட்டியில் வெண்டை விதை போட்டால் அறிவியல். ஒன்பதாவது, பத்தாவது வயசு வரும்போது ரெண்டு விஷயம் மாறிவிடுகிறது. கடைசியில் ஒரு சான்றிதழ் வேண்டும் என்பது ஒன்று. அம்மா அப்பாவுக்கே பாடம் தெரியாது என்பது இன்னொன்று. முதல் விஷயத்தை எல்லோரும் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். ரெண்டாவதுக்கு யாரும் வாயைத் திறப்பதில்லை.

சான்றிதழை சீக்கிரம் முடித்துவிடுவோம். நம்ம ஊர் வீடுகளுக்கு நடைமுறையில் மூணு வழி. தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ தேர்வை பிரைவேட்டாக எழுதுவது. மூணாவது நல்ல வழிதான், ஆனால் கட்டணம் பாடத்துக்குப் பாடம் ஆயிரக்கணக்கில் ஏறும். ரெண்டாவதில் செலவு குறைச்சல், ஆனால் பத்தாவது அறிவியலுக்கு ஒரு பள்ளியில் பதிவு செய்து செய்முறைப் பயிற்சிக்குப் போயாக வேண்டும். என்.ஐ.ஓ.எஸ்ஸில் அஞ்சு பாடம் எடுத்தால் போதும், ஒரு தடவை பதிவு செய்தால் அஞ்சு வருஷம் செல்லும், வருஷத்துக்கு ரெண்டு தடவை பொதுத்தேர்வு. ஒவ்வொரு பாடமாக முடிக்கலாம். அவசரப்படாத பிள்ளைகளுக்கு இதுதான் சரி என்பது என் எண்ணம். காமர்ஸ் பக்கம் போகிற பிள்ளைக்கு இந்த மூணில் எதுவும் கதவை மூடாது. சி.ஏ ஃபவுண்டேஷனுக்குத் தேவை பன்னிரண்டாவது தேர்ச்சி, அது ரெகுலர் பள்ளியில்தான் வாங்கியிருக்க வேண்டும் என்றில்லை.

எந்தத் தேர்வு என்று முடிவாகாமல் புத்தகம் வாங்காதீர்கள். இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பீர்கள். அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்து அலமாரியில் அழகாக அடுக்கிவிட்டு, அப்புறம் "இதை வெச்சு எந்த பரீட்சை எழுதறது?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புத்தகங்கள் மட்டம் என்று சொல்லவில்லை. ஜான் சாக்ஸன் என்ற ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி எழுதிய கணக்குப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு சின்ன புது விஷயம், கூடவே பழைய பாடங்களிலிருந்து கலந்து கட்டி ஏகப்பட்ட கணக்கு. தானாகப் படிக்கிற பிள்ளைக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் கணக்கு எந்த ஊரிலும் கணக்கு, வணிகவியல் அப்படி இல்லை. அமெரிக்க வருமானவரிப் படிவத்தை நிரப்பக் கற்ற பிள்ளைக்கு இங்கே ஜி.எஸ்.டி பில்லைப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

இப்போது யாரும் பேசாத அந்த ரெண்டாவது விஷயம்.

பள்ளிப் பாடப்புத்தகம் என்பது பாதிப் புத்தகம்தான். மீதிப் பாதி வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறவர். என்.சி.இ.ஆர்.டி புத்தகம் ஆனாலும் நம்ம சமச்சீர் புத்தகம் ஆனாலும், ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார் என்ற தைரியத்தில் எழுதப்பட்டவை. ஒரு பத்தியில் மூணு படி தாண்டிப் போவார்கள், அந்த மூணையும் சார் சொல்லிவிடுவார் என்று. வீட்டில் அந்த சார் இல்லை. என்.ஐ.ஓ.எஸ் பாடம் வேறு கணக்கில் எழுதப்பட்டது. தனியாக உட்கார்ந்து படிக்கிறவருக்கு என்றே எழுதியது என்பதால், ரெண்டு மூணு பக்கத்துக்கு ஒரு தடவை நிறுத்திக் கேள்வி கேட்கும், விடையைப் பாடத்தின் கடைசியில் வைத்திருக்கும். பார்க்க அழகாக இருக்காது, அச்சும் சுமார்தான். ஆனால் யாரை நினைத்து எழுதுகிறோம் என்பதை மறக்கவில்லை.

எங்க சித்தி பையன் வீட்டில் படிக்கிறான், சி.ஏ ஆசை. நான் பி.காம் என்பதால் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டார். "டேய், எந்த புக்குடா வாங்கணும், லிஸ்ட் போட்டுக் குடு" என்றார். "எதுவும் வாங்காதீங்க சித்தி, மூணும் நெட்ல சும்மா கிடைக்குது. தேய்மானம் பாடத்தை மட்டும் மூணுலேர்ந்தும் பிரிண்ட் எடுங்க" என்றேன். ஒரே பாடம், மூணு புத்தகம். யாரையும் கேட்காமல் படிக்க வேண்டும், மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டுக் கணக்கு போட வேண்டும். என்.ஐ.ஓ.எஸ் பாடத்தைத் தனியாகவே முடித்துவிட்டான், ஆனால் கணக்கு பத்தவில்லை என்றான். என்.சி.இ.ஆர்.டியில் 'ஏன்' என்கிற விளக்கம் பிடித்திருந்தது, ரெண்டு இடத்தில் மாட்டிக்கொண்டான். சமச்சீரில் கணக்குகள் தாராளம். ஜெராக்ஸ் கடைச் செலவில் முடிந்த பரிசோதனை. விமர்சனம் படித்துப் புத்தகம் வாங்குவதை விட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் விமர்சனம் எழுதியவர் பிள்ளை வேறு, உங்க பிள்ளை வேறு.

தமிழ்நாட்டுப் புத்தகத்தில் இன்னொரு வசதி. ஒரே பாடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் தேர்வு எழுதப்போகிற பிள்ளையும் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். 'டிப்ரிசியேஷன்' என்ற சொல் எதையும் சொல்லாது. 'தேய்மானம்' என்றால் செருப்பு தேய்கிற மாதிரி மெஷினும் தேய்கிறது என்று சொல்லிலேயே இருக்கிறது. பன்னிரண்டாவது கணக்குப்பதிவியலில் முதல் பாடமே முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்கு எடுப்பது. நம்ம தெரு மளிகைக்கடை அண்ணாச்சியின் நோட்டு அப்படித்தான் இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளை அந்த நோட்டைக் கேட்டு வாங்கி உட்கார முடியும். டைம்டேபிளில் மாட்டிக்கொண்ட பள்ளிப் பிள்ளையால் முடியாது.

சரி, படித்துவிட்டான், எழுதிவிட்டான். திருத்துவது யார்? பெரும்பாலான வீடுகள் சறுக்குவது இங்கேதான். கணக்குப்பதிவியலில் இருப்பாய்வு ஒத்துப்போனால் சரி என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதிதான் உண்மை. மெஷின் வாங்கியதைக் கொள்முதல் கணக்கில் பற்று வைத்துவிட்டால் இருப்பாய்வு ஜம்மென்று ஒத்துப்போகும், லாபம் மட்டும் தப்பாக வரும். ஒரு நடவடிக்கையை எழுதவே மறந்துவிட்டாலும் ஒத்துப்போகும். இந்த மாதிரிப் பிழைகளை இன்னொரு ஜோடிக் கண்தான் பிடிக்கும்.

பொருளாதாரம் இன்னும் மோசம். விலை குறைந்ததால் அதிகம் வாங்குவது அதே தேவைக்கோட்டின் மேல் நகர்வது, வருமானம் கூடியதால் அதிகம் வாங்குவது கோடே இடம் மாறுவது. இந்த ரெண்டையும் குழப்பிக்கொண்டு அழகான கையெழுத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதலாம். அம்மா பார்த்தால் "சூப்பரா எழுதியிருக்கான்" என்பார். பரீட்சையில் மார்க் கிழியும் வரை யாருக்கும் தெரியாது. அதற்குள் அந்தக் குழப்பத்தின் மேல் பத்து பாடம் கட்டியாகிவிட்டிருக்கும்.

அதனால் காசு இருந்தால் புத்தகத்துக்குச் செலவு செய்யாதீர்கள், திருத்துகிறவருக்குச் செலவு செய்யுங்கள். ரிட்டயர் ஆன காமர்ஸ் ஆசிரியர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். வாரம் ஒரு விடைத்தாள் திருத்தித் தாருங்கள் என்று கேட்டால் டியூஷன் கட்டணத்தில் கால்வாசி கூட ஆகாது. காசில்லாத பி.காம் மாணவர்களும் ஏராளம் (ஹி ஹி, விளம்பரம் இல்லை). அவர் சொல்லித்தர வேண்டாம், தப்பைச் சுழித்தால் போதும். அதுவும் முடியாவிட்டால், திருத்தும் முறையை வெளியிடுகிற இடங்களைப் பிடியுங்கள். கேம்பிரிட்ஜ் பழைய வினாத்தாளோடு மதிப்பெண் முறையையும், மாணவர்கள் எங்கே தவறினார்கள் என்ற தேர்வாளர் அறிக்கையையும் வெளியிடுகிறது. அந்தத் தேர்வை எழுதாதவர்களும் படிக்கலாம், தங்கம். சி.ஏ நிறுவனம் தன் பாடப் பொருட்களையும் விடைகளையும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

பழைய புத்தகக்கடை பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூர் மார்க்கெட்டில் இருபது ரூபாய்க்குக் கிடைத்தது என்று இயற்பியல் புத்தகம் வாங்கலாம், நியூட்டன் மாற மாட்டார். வணிகவியல் மாறிக்கொண்டே இருக்கும். வாங்கும் முன் மூணு இடம் புரட்டுங்கள். கம்பெனி சட்டம் 2013 என்று இருக்கிறதா, 1956லேயே நிற்கிறதா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ஆ, 1986ஆ? வாட் வரி என்று இருந்தால் 2017 ஜூலைக்கு முந்தைய சரக்கு. ஜி.எஸ்.டி பாடம் இருந்தாலும் 5, 12, 18, 28 என்று நாலு விகிதம் போட்டிருந்தால் அதுவும் பழசு. 2025 செப்டம்பர் 22லிருந்து 12ம் 28ம் பெரும்பாலும் போய்விட்டன, 5, 18, சில பொருட்களுக்கு 40 என்று ஆகிவிட்டது.

அதே மாதிரி என்.ஐ.ஓ.எஸ் கைடு வாங்குகிறவர்களும் கவனம். இப்போது பாடங்களைப் பிரித்து, சிலதை ஒப்படைப்புக்கு மட்டும், சிலதைப் பொதுத்தேர்வுக்கு என்று வைத்திருக்கிறார்கள். பழைய கைடுக்கு இது தெரியாது. ஒப்படைப்பு 20 சதவீதம், அதை யாரோ எழுதினதைப் பார்த்துக் காப்பி அடிக்கிற கலாச்சாரமும் இருக்கிறது. வீட்டுக்கல்வியில் வெளியாள் ஒருவர் உங்க பிள்ளை எழுத்தைப் படிக்க அமைகிற அரிய சந்தர்ப்பம் அது. அதையும் காப்பி அடித்தால் என்ன சொல்ல...

சித்தி பையனுக்கு இப்போதைக்கு ஏற்பாடு இதுதான்: படிக்க என்.ஐ.ஓ.எஸ், கணக்குப் போட சமச்சீர், திருத்த நான். கணிதம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. சி.ஏ ஃபவுண்டேஷனில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் வருவதால் அதை விட்டுவிட முடியாது, அவனுக்கோ கணிதம் என்றாலே கசப்பு. பதினொன்றாவது வணிகக் கணிதம் புத்தகத்தில் நிதியியல் கணிதம் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது, தவணைப் பங்கீடு, பங்குகள், தரகு என்று. முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு அதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் வரும், பார்க்கலாம்.